ஸ்பானிய மொழியில் ‘தடவை’: ‘பெஸ்’ என்ற சொல்லைப் பிழையில்லாமல் கையாள்வது

ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கிய தமிழர் ஒருவர் ‘மூன்று தடவை’ என்று சொல்ல நினைக்கிறார். மனம் உடனே ஆங்கிலத்துக்குத் தாவுகிறது: ‘த்ரீ டைம்ஸ்’. டைம் என்றால் அகராதியில் தியெம்போ. ஆகவே ‘த்ரெஸ் தியெம்போஸ்’ என்று சொல்லிவிடுகிறார். கேட்கிற ஸ்பானியருக்கு ‘மூன்று காலங்கள்’ என்பதுபோல ஏதோ காதில் விழுகிறது. சொல்ல வந்தது போய்ச் சேரவில்லை.

இந்தப் பிழை தமிழிலிருந்து வந்ததல்ல, ஆங்கிலத்திலிருந்து வந்தது. ‘எவ்வளவு நேரம் காத்திருந்தாய்?’, ‘எத்தனை தடவை கூப்பிட்டாய்?’ என்ற இரண்டு கேள்விகளையும் எந்தத் தமிழ்க் குழந்தையும் குழப்பிக்கொள்வதில்லை. நமக்கு நேரம் வேறு, தடவை வேறு. ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான்: முதல் கேள்விக்கு ‘குவாந்தோ தியெம்போ’, இரண்டாவதற்கு ‘குவாந்தாஸ் பெசெஸ்’. இந்த மூன்று மொழிகளில், இரண்டையும் ‘டைம்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது ஆங்கிலம் மட்டும்தான். அதனால் இந்தச் சொல்லைப் படிக்கும்போது ஆங்கில அகராதியை மூடி வைத்துவிட்டு, தமிழிலிருந்து நேரே ஸ்பானியத்துக்குப் போவது நல்லது. பாதி வேலையைத் தமிழே செய்து கொடுத்துவிடும்.

தடவை, முறை, வாட்டி, தரம், சென்னைப் பேச்சில் தபா. இத்தனைக்கும் ஸ்பானியத்தில் ஒரே சொல்: பெஸ். பெண்பால் பெயர்ச்சொல். ஒருமையில் லா பெஸ், பன்மையில் லாஸ் பெசெஸ்.

ஒலியும் எழுத்தும்

தமிழ் எழுத்தில் ‘பெஸ்’ என்று எழுதினாலும், அதை எப்படி ஒலிப்பது என்பதைத் தொடக்கத்திலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். ஸ்பானிய எழுத்தில் இதன் முதலெழுத்து ஆங்கிலத்தில் ‘வி’ எனப்படும் எழுத்து. ஆனால் அதற்கு வகர ஒலி கிடையாது. மேற்பல்லால் கீழுதட்டைத் தொட்டு ‘வெஸ்’ என்று சொல்ல வேண்டாம். ‘பஸ்’ என்று சொல்லும்போது வருகிற மெல்லிய ப தான் இங்கே வேண்டியது.

‘பல்’, ‘பழம்’ என்பவற்றின் வல்லொலியான ப வந்துவிட்டால் சொல் மாறிவிடும். அந்த ஒலியோடு சொன்னால் ‘பெஸ்’ என்பது மீன். ‘தோஸ் பெசெஸ்’ என்பது ‘இரண்டு மீன்கள்’ ஆகிவிடும். மீன் ஆண்பால் (எல் பெஸ்), தடவை பெண்பால் (லா பெஸ்) என்பதால் முன்னால் வரும் சொல் ஓரளவு காப்பாற்றும். ஆனால் தோஸ், த்ரெஸ் போன்ற எண்கள் பால் காட்டாதவை. அங்கே ஒலி மட்டுமே துணை.

இதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. உயிரெழுத்துக்குப் பின் வரும்போது ஸ்பானியரின் இந்த ஒலி இன்னும் தளர்கிறது. ‘உனா பெஸ்’ என்னும்போது வருவது கிட்டத்தட்ட ‘கோபம்’ என்ற சொல்லின் நடுவிலுள்ள ப. நகர மெய்க்குப் பின் வந்தால் இறுகி, முன்னுள்ள நகரத்தையும் மகரமாக்கிவிடும். ‘என் பெஸ் தெ’ என்ற தொடரை அவர்கள் ‘எம்பெஸ்தெ’ என்றுதான் சொல்கிறார்கள், நாம் ‘அம்பு’ என்பதுபோல. இடத்துக்கேற்ப வல்லினம் மாறி ஒலிப்பது நமக்குப் பழகிய சங்கதிதான். ‘காதா’ (ஒவ்வொரு) என்ற சொல்லின் நடுவிலுள்ள த கூட, ‘காது’ என்பதிலுள்ள அதே மென்மையான த தான்.

கடைசி ஒலி நாட்டுக்கு நாடு மாறும். லத்தீன் அமெரிக்கா முழுவதும், கானரித் தீவுகளிலும், ஸ்பெயினின் தெற்கிலுள்ள ஆண்டலூசியாவின் பல இடங்களிலும் அது வெறும் ‘ஸ்’. ஸ்பெயினின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் நுனிநாக்கைப் பல்வரிசைகளுக்கு நடுவே லேசாக நீட்டிக் காற்றை ஊதி எழுப்பும் ஒலி. எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஒன்றைப் பிடித்தால் அதையே எல்லாச் சொல்லிலும் கடைப்பிடியுங்கள். ஒருமையில் ஸ்பெயின் ஒலியும் பன்மையில் மெக்சிகோ ஒலியுமாகக் கலந்தால் கேட்பவருக்கு உறுத்தும்.

எழுதும்போது ஒரு மாற்றம் உண்டு. ஒருமையின் கடைசி எழுத்து ஆங்கிலத்தின் இருபத்தாறாவது எழுத்து. பன்மையில் அது போய், ஆங்கில வரிசையின் மூன்றாவது எழுத்து வரும். எகர, இகர ஒலிகளுக்கு முன்னால் அந்த இருபத்தாறாவது எழுத்தை ஸ்பானியர் பொதுவாக எழுதுவதில்லை என்பதே காரணம். ஒலி மாறுவதில்லை, எழுத்து மட்டுமே மாறுகிறது. விளக்கு (லூஸ், லூசெஸ்), பென்சில் (லாபிஸ், லாபிசெஸ்), மேலே பார்த்த மீன் எல்லாம் இதே வழிதான்.

தமிழ் வழிவிடும் ஒரு பிழை

‘மூன்று தடவை’, ‘பத்து தடவை’ என்கிறோம். ‘மூன்று தடவைகள்’ என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. எண் முன்னால் இருப்பதால் பன்மை விகுதி நமக்குத் தேவையில்லை. இந்தப் பழக்கம் ஸ்பானியத்துக்குள் அப்படியே நுழைந்துவிடும்: ‘த்ரெஸ் பெஸ்’. இது பிழை. ஒன்றுக்கு மேல் போனால் பெசெஸ் என்ற பன்மை கட்டாயம். உனா பெஸ், தோஸ் பெசெஸ், த்ரெஸ் பெசெஸ், சியென் பெசெஸ் (நூறு தடவை), மில் பெசெஸ் (ஆயிரம் தடவை).

எண்ணைச் சொல்லாமல் ‘பல தடவை’ என்று சொன்னாலும் பன்மைதான், கூடவே பெண்பாலும் வேண்டும். முச்சாஸ் பெசெஸ் (பல தடவை), போகாஸ் பெசெஸ் (சில தடவையே), பாரியாஸ் பெசெஸ் (நாலைந்து தடவை), தாந்தாஸ் பெசெஸ் (இத்தனை தடவை), குவாந்தாஸ் பெசெஸ் (எத்தனை தடவை). எல்லாவற்றின் இறுதியிலும் ‘ஆஸ்’ ஒலிப்பதைக் கவனியுங்கள். ‘முச்சோஸ்’ என்று ஆண்பாலில் சொல்வது தொடக்கநிலை மாணவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. பெஸ் என்ற சொல்லின் வடிவத்தில் பெண்பால் அடையாளம் ஏதும் இல்லாததே காரணம். அதனால் இந்தச் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘உனா பெஸ், முச்சாஸ் பெசெஸ்’ என்று சோடியாகவே வாயில் ஏற்றுங்கள்.

எண்களிலும் பால் எட்டிப்பார்க்கும் இடங்கள் உண்டு. இருபத்தொரு தடவை ‘பெய்ந்தியுனா பெசெஸ்’. முப்பத்தொரு தடவை ‘த்ரெய்ந்தா இ உனா பெசெஸ்’. இருநூறு தடவை ‘தோசியெந்தாஸ் பெசெஸ்’, முந்நூறு ‘த்ரெசியெந்தாஸ்’. பதினொன்றைத் தவிர ஒன்றில் முடியும் எண்களும் இருநூறு முதல் தொள்ளாயிரம் வரையிலான நூறுகளும் பெண்பாலுக்கு மாறும். நூறும் ஆயிரமும் மாறாது.

பன்மை வரவே கூடாத இடம் ஒன்று உண்டு: ‘காதா பெஸ்’ (ஒவ்வொரு தடவையும்). தமிழைப் போலவே இங்கே ஒருமைதான்.

வாரத்துக்கு மூன்று தடவை

தமிழில் ‘நாளைக்கு ரெண்டு தடவை’, ‘வாரத்துக்கு மூணு தடவை’ என்று நான்காம் வேற்றுமை ‘கு’ வருகிறதல்லவா? ஸ்பானியத்தில் அந்த வேலையைச் செய்வது ‘அ’ என்ற முன்னிடைச் சொல். பொதுவாகவே நமது ‘கு’ உருபுக்கு நெருங்கிய உறவு அது. எண்ணிக்கை முன்னால், காலம் பின்னால்.

தோஸ் பெசெஸ் அல் தியா: நாளைக்கு இரண்டு தடவை.
த்ரெஸ் பெசெஸ் அ லா செமானா: வாரத்துக்கு மூன்று தடவை.
உனா பெஸ் அல் மெஸ்: மாதத்துக்கு ஒரு தடவை.
குவாத்ரோ பெசெஸ் அல் அன்யோ: வருஷத்துக்கு நான்கு தடவை.

நாள், மாதம், ஆண்டு மூன்றும் ஆண்பால். அங்கே ‘அ’வும் ‘எல்’லும் ஒட்டி ‘அல்’ ஆகின்றன. வாரம் பெண்பால் என்பதால் ‘அ லா’ பிரிந்தே நிற்கும். ‘தியா’ அகர ஒலியில் முடிந்தாலும் ஆண்பால்தான், ஏமாற வேண்டாம். ‘அ லா செமானா’வுக்குப் பதில் ‘போர் செமானா’ என்றும் சொல்வார்கள், அதுவும் சரி. மருந்துச் சீட்டில் ‘த்ரெஸ் பெசெஸ் அல் தியா’ என்றோ ‘காதா ஓச்சோ ஓராஸ்’ (எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை) என்றோ இருக்கும். இரண்டாவதில் பெஸ் வராது. ‘ஒருமுறை’ என்ற நம் சொல்லைப் பார்த்து அங்கே ‘உனா பெஸ்’ சேர்க்கத் தேவையில்லை.

போனேன், போவேன், போயிருக்கிறேன்

ஸ்பானிய இலக்கணத்தில் மாணவர்களை அதிகம் வதைப்பது இரண்டு இறந்தகாலங்களுக்கு இடையிலான வேறுபாடு. பெஸ் என்ற சொல் அந்த வேறுபாட்டை வெளிச்சம்போட்டுக் காட்டும். இதற்கும் தமிழில் விடை இருக்கிறது.

‘போன வருஷம் மூன்று தடவை மாட்ரிட் போனேன்.’ எண்ணி முடித்த கணக்கு இது. காலமும் முடிந்தது, எண்ணும் முடிந்தது. ஸ்பானியத்தில் ‘எல் அன்யோ பசாதோ ஃபுயி த்ரெஸ் பெசெஸ் அ மத்ரித்’. ‘ஃபுயி’ என்பது முடிந்த இறந்தகாலம்.

‘சின்ன வயசில் வாரத்துக்கு மூன்று தடவை ஆற்றுக்குப் போவேன்.’ பழைய வழக்கத்தைச் சொல்லும்போது தமிழில் ‘போனேன்’ என்பதைவிடப் ‘போவேன்’ என்பதே இயல்பாக வாயில் வருகிறது. வடிவத்தில் எதிர்காலம், பொருளில் இறந்தகால வழக்கம். ஸ்பானியத்தில் இந்த இடத்துக்கென்றே தனி வடிவம் உண்டு: ‘தெ நின்யோ இபா த்ரெஸ் பெசெஸ் அ லா செமானா அல் ரியோ’. பெண் சொன்னால் ‘தெ நின்யா’. ‘இபா’ என்பது முடியாத இறந்தகாலம்.

ஆக, எண் வந்தாலே ‘ஃபுயி’ என்று எழுதுவது தவறு. அந்த எண் மொத்தக் கணக்கா, வாரத்துக்கு இத்தனை என்ற வீதமா என்று பாருங்கள். மொத்தம் என்றால் ஃபுயி, வீதம் என்றால் இபா. ஐயம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப்பாருங்கள். ‘அப்போதெல்லாம் போவேன்’ என்று இயல்பாக வந்தால் ‘இபா’வைத் தயங்காமல் எடுக்கலாம். ‘போவேன்’ பொருந்தாமல் ‘போனேன்’ மட்டுமே பொருந்தினால் ‘ஃபுயி’. பல பாடநூல்கள் பக்கம்பக்கமாக விளக்குவதை நம் காது ஒரு நொடியில் சொல்லிவிடும்.

மூன்றாவது, ‘இதுவரை மூன்று தடவை போயிருக்கிறேன்’. இது ‘எ இதோ த்ரெஸ் பெசெஸ்’. கணக்கு இன்னும் திறந்திருக்கிறது, நான்காவது தடவையும் போகக்கூடும். நமது ‘இருக்கிறேன்’ செய்யும் வேலையை இங்கே ‘எ’ என்ற ஓரெழுத்து ஒலி செய்கிறது.

முதல் தடவை

‘லா ப்ரிமேரா பெஸ்’ (முதல் தடவை), ‘லா செகுந்தா பெஸ்’ (இரண்டாம் தடவை), ‘லா உல்த்திமா பெஸ்’ (கடைசித் தடவை), ‘லா ப்ரோக்சிமா பெஸ்’ (அடுத்த தடவை), ‘எஸ்தா பெஸ்’ (இந்தத் தடவை). முதல் நாள் என்பதற்கு ‘எல் ப்ரிமெர் தியா’ என்று சுருங்கும். அந்தச் சுருக்கம் ஆண்பால் ஒருமைக்கு முன்னால் மட்டுமே. ‘ப்ரிமெர் பெஸ்’ என்று எழுதினால் பிழை.

இவற்றுக்கு முன்னால் ‘என்’ (இல்) என்ற முன்னிடைச் சொல்லைச் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். ‘இந்தத் தடவை நீ சமை’ என்கிறோம், ‘இந்தத் தடவையில் நீ சமை’ என்பதில்லை. அதேபோல ‘எஸ்தா பெஸ் கொசினாஸ் தூ’. உருபில்லாமல் நிற்பதே இரண்டு மொழிகளுக்கும் இயல்பு.

‘நான் மாட்ரிட் வருவது இதுதான் முதல் தடவை’ என்பதற்கு ‘எஸ் லா ப்ரிமேரா பெஸ் கெ பெங்கோ அ மத்ரித்’. இதில் ‘பெங்கோ’ நிகழ்காலம்: ‘வருகிறேன்’. ஆங்கிலவழி வருபவர்கள் ‘வந்திருக்கிறேன்’ என்ற வடிவத்தை இங்கே போடுவார்கள். தமிழ் ‘வருவது’ என்றுதான் சொல்கிறது. இங்கேயும் தமிழை நம்பலாம். கதை இறந்தகாலத்தில் நடந்தால் ‘எரா லா ப்ரிமேரா பெஸ் கெ பெயீயா எல் மார்’: ‘அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை’.

‘முதன்முறையாக’ என்ற நம் வினையடைக்கு ‘போர் ப்ரிமேரா பெஸ்’. இதில் ‘லா’ வராது. ‘கடைசியாக ஒருமுறை’ என்பதற்கு ‘போர் உல்த்திமா பெஸ்’.

கூட்டில் மாறும் பொருள்

இனி வருபவை இலக்கணத்தைவிடப் பழக்கத்தைச் சார்ந்தவை. சின்னச் சின்ன ஒட்டுகள் பொருளையே திருப்பிவிடும்.

‘அ பெசெஸ்’ என்றால் சில சமயம். ‘அ லா பெஸ்’ என்றால் ஒரே சமயத்தில். ‘ஆப்லான் தோதோஸ் அ லா பெஸ்’ என்பது ‘எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்’. அதையே ‘அ பெசெஸ்’ போட்டுச் சொன்னால் ‘எல்லோரும் சில சமயம் பேசுவார்கள்’ என்றாகிவிடும். ‘தெ பெஸ் என் குவாந்தோ’ என்பது அவ்வப்போது, எப்போதாவது ஒருமுறை. ‘அ பெசெஸ்’ஸைவிட அரிதாக நடப்பதை உணர்த்தும்.

‘தெ உனா பெஸ்’ என்பதற்கு இரண்டு முகங்கள். ‘செ லோ பெபியோ தெ உனா பெஸ்’ என்றால் ‘ஒரே மடக்கில் குடித்துவிட்டான்’. கட்டளையோடு சேர்ந்தால் பொறுமையின்மை ஏறிக்கொள்ளும். ‘திலோ தெ உனா பெஸ்’ என்பது ‘சீக்கிரம் சொல்லித் தொலை’ என்ற தொனி. மூத்தவரிடமோ அலுவலகத்திலோ சொன்னால் மரியாதைக் குறைவு. ‘ஒரே தடவையில் சொல்லுங்கள்’ என்று பணிவாகக் கேட்பதாக நினைத்து இதைப் பயன்படுத்திவிடாதீர்கள்.

மறுபடியும் என்பதற்கு ‘ஓத்ரா பெஸ்’. ‘இன்னொரு தடவை’ என்று பிரித்துப் பார்த்து ‘உனா ஓத்ரா பெஸ்’ என்பது பிழை. ‘ஓத்ரா’வுக்கு முன்னால் ‘உனா’ வராது. பன்மையில் பொருள் மாறிவிடும்: ‘ஓத்ராஸ் பெசெஸ்’ என்றால் ‘வேறு சில சமயங்களில்’. திட்டமிட்டது நடக்காமல் போனால் ‘ஓத்ரா பெஸ் செரா’ என்பார்கள். ‘பரவாயில்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம்’ என்று நாம் சொல்லும் அதே ஆறுதல்.

‘அல்குனா பெஸ்’, ‘அல்குனாஸ் பெசெஸ்’ இரண்டும் ஒருமை பன்மை மட்டும் அல்ல. பன்மைக்குப் பொருள் ‘சில தடவை’. ஒருமை பெரும்பாலும் கேள்வியில் வரும்: ‘அஸ் எஸ்தாதோ அல்குனா பெஸ் என் எஸ்பான்யா?’, ‘எப்போதாவது ஸ்பெயினில் இருந்திருக்கிறாயா?’ இல்லை என்று பதில் சொல்ல ‘நுன்கா’ (ஒருபோதும் இல்லை) போதும். ‘ஒரு தடவைகூட வரவில்லை’ என்று அழுத்த வேண்டுமானால் ‘நோ பினோ நி உனா சோலா பெஸ்’. நமது ‘கூட’ அங்கே ‘நி’ ஆகிறது.

‘காதா பெஸ் மாஸ்’ என்ற தொடரை ‘ஒவ்வொரு தடவையும் அதிகம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பாதிதான் புரியும். அது நமது ‘வரவர’. ‘எஸ் காதா பெஸ் மாஸ் திஃபீசில்’: ‘வரவரக் கடினமாகிக்கொண்டே போகிறது’. ‘காதா பெஸ் ய்யுவே மேனோஸ்’: ‘வரவர மழை குறைகிறது’. நல்லது என்பதன் ஒப்புவடிவமான ‘மெஹோர்’ தனக்குள்ளேயே ‘மேலும்’ என்பதை வைத்திருக்கிறது. எனவே ‘காதா பெஸ் மெஹோர்’ போதும், நடுவில் ‘மாஸ்’ வரக்கூடாது. இதோடு ‘காதா பெஸ் கெ’ என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘கெ’ வந்தால் ‘அவன் வரும்போதெல்லாம்’ என்பதிலுள்ள ‘போதெல்லாம்’.

‘உனா பெஸ் கெ’ இன்னொன்று. இது ‘ஒரு தடவை’ அல்ல, ‘முடித்ததும்’ என்பதிலுள்ள ‘உம்’. ‘உனா பெஸ் கெ தெர்மினெஸ், ய்யாமாமெ’ என்றால் ‘முடித்ததும் என்னைக் கூப்பிடு’. இன்னும் நடக்காத செயல் என்பதால் வினை ‘தெர்மினாஸ்’ என்ற வழக்கமான வடிவத்தில் நிற்காமல் ‘தெர்மினெஸ்’ என்று ஐயவடிவம் கொள்கிறது. ‘தால் பெஸ்’ (ஒருவேளை) என்பதற்குப் பின்னாலும் இந்த வடிவம் வரும்: ‘தால் பெஸ் ய்யுவேவா’, ‘ஒருவேளை மழை வரலாம்’. சொல்பவர் சற்று உறுதியாக நினைத்தால் ‘ய்யுவே’ என்ற சாதாரண வடிவமும் சரிதான். ஆனால் ‘தால் பெஸ்’ வினைக்குப் பின்னால் போய்விட்டால் சாதாரண வடிவத்துக்கு மட்டுமே இடம்.

சிறுவர் கதைகளைப் படிக்கத் தொடங்கினால் முதல் வரியிலேயே ‘எராசெ உனா பெஸ்’ அல்லது ‘அபியா உனா பெஸ்’ எதிர்ப்படும். ‘ஒரே ஒரு ஊரில்’ என்று நாம் தொடங்குகிற இடம் அது.

‘முறை’ என்ற சொல்லில் இருக்கும் சாவி

‘என் பெஸ் தெ’ என்றால் ‘பதிலாக’. தடவைக்கும் பதிலுக்கும் என்ன தொடர்பு? பெஸ் லத்தீன மொழியின் ‘விகிஸ்’ என்ற சொல்வழி வந்தது. அதற்கு மாற்றம், மாறிமாறி வருதல், ஒருவர் இடத்தில் இன்னொருவர் என்ற பொருள்கள். நமது ‘முறை’யை எண்ணிப் பாருங்கள். ‘மூன்று முறை’ என்பதில் அது தடவை. ‘இப்போது உன் முறை’ என்பதில் அது மாறிமாறி வரும் வரிசை. லத்தீனச் சொல்லிலும் இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன. துணைத் தலைவரைக் குறிக்கும் ‘பிசெப்ரெசிதெந்தே’யின் முன்னொட்டும் அதே வேர்தான். தலைவரின் இடத்தில் நிற்பவர். அரசரின் இடத்தில் ஆட்சி செய்த அரசப் பிரதிநிதி ‘பிர்ரெய்’ என்பதிலும் அந்த வேரே தேய்ந்து கிடக்கிறது. இது தெரிந்துவிட்டால் ‘என் பெஸ் தெ’யை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ‘அதன் முறையில், அதன் இடத்தில்’ என்று தானே விளங்கும்.

பயன்பாடு எளிது. ‘என் பெஸ் தெ கஃபே, தோமோ தே’: ‘காபிக்குப் பதிலாகத் தேநீர் குடிக்கிறேன்’. பின்னால் வினை வந்தால் அது ஆர், எர், இர் என்று முடியும் மூலவடிவத்திலேயே நிற்க வேண்டும். ‘என் பெஸ் தெ இர்’ என்றால் ‘போவதற்குப் பதிலாக’. ‘என் பெஸ் தெ போய்’ என்று, ‘போகிறேன்’ எனப் பொருள்படும் ‘போய்’ என்ற ஸ்பானியத் தன்மை வினையைப் போட்டால் பிழை. தமிழிலும் ‘போகிறேனுக்குப் பதிலாக’ என்று சொல்ல முடியாதல்லவா?

‘அசெர் லாஸ் பெசெஸ் தெ’ என்ற தொடரிலும் இந்தப் பழைய பொருள்தான். ‘லா காஹா அசெ லாஸ் பெசெஸ் தெ மெசா’ என்றால் ‘பெட்டி மேசையாகப் பயன்படுகிறது’, மேசையின் வேலையை அது செய்கிறது. எப்போதும் பன்மையிலேயே வரும்.

பெஸ் வராத இடங்கள்

தமிழ் நமக்குத் துணை என்றாலும் இரண்டு இடங்களில் கோடு வேறு திசையில் ஓடுகிறது.

ஒன்று, ‘நேரம்’. ‘நேரம் இல்லை’ என்றாலும் ‘நேரம் என்ன?’ என்றாலும் நமக்கு ஒரே சொல். ஸ்பானியத்தில் முதலாவது தியெம்போ (‘நோ தெங்கோ தியெம்போ’), இரண்டாவது ஓரா (‘கெ ஓரா எஸ்?’). சோதனை எளிது. அந்த இடத்தில் ‘மணி’ என்று மாற்றிச் சொல்லிப்பாருங்கள். ‘மணி என்ன?’ பொருந்துகிறது, ஆகவே ஓரா. ‘எனக்கு மணி இல்லை’ பொருந்தவில்லை, ஆகவே தியெம்போ. ‘கொஞ்ச நேரம்’ என்று சிறு பொழுதைச் சொல்ல ‘உன் ராத்தோ’ என்ற மூன்றாவது சொல்லும் உண்டு. தியெம்போ வானிலையையும் குறிக்கும்: ‘ஆசெ புவேன் தியெம்போ’ என்றால் வானம் தெளிவாக, இதமாக இருக்கிறது.

இரண்டாவது, ‘மடங்கு’. ‘மூன்று மடங்கு பெரியது’ என்று நாம் சொல்வதை ஸ்பானியர் ‘த்ரெஸ் பெசெஸ் மாஸ் க்ராந்தே’ என்கிறார்கள். தடவையும் மடங்கும் அங்கே ஒரே சொல். கணக்கில் துல்லியம் வேண்டிய இடத்தில் ‘எல் தோப்லே’ (இரு மடங்கு), ‘எல் த்ரிப்லே’ (மும்மடங்கு) என்று சொல்லிவிடுவது தெளிவு. வாய்ப்பாட்டுக்கு மட்டும் பெஸ் வராது: ‘மூநான்கு’ என்பது ‘த்ரெஸ் போர் குவாத்ரோ’.

விளையாட்டில் ‘இப்போது என் முறை’ என்று சொல்ல ‘மி பெஸ்’ எனத் தோன்றும். போர்ச்சுகீசிய மொழியில் அப்படிச் சொல்வார்கள். இன்றைய ஸ்பானியத்தில் ‘மெ தோகா அ மி’ அல்லது ‘எஸ் மி தூர்னோ’ என்பதே வழக்கு. வரிசை என்ற பழைய பொருள் ஸ்பெயினின் சந்தைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. மீன்கடையிலோ இறைச்சிக்கடையிலோ ஆட்கள் வரிசை கட்டி நிற்காமல் அங்கங்கே நின்றுகொண்டிருப்பார்கள். புதிதாக வருபவர் ‘கியென் தா லா பெஸ்?’ என்று கேட்பார். சொல்லுக்குச் சொல் ‘முறையைக் கொடுப்பது யார்?’, அதாவது கடைசியாக நிற்பவர் யார் என்று கேட்கிறார். கடைசி ஆள் ‘யோ’ (நான்) என்பார். அவருக்குப் பின் உங்கள் முறை.